அப்பாவை மருந்து ஆய்வில் சேரச் சொல்கிறார்கள், என்னென்ன கேட்டுக்கொள்ள வேண்டும்?

சாத்தூர்ப்பொண்ணு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சில நாளாக இதே பேச்சாக இருக்கிறது.

அப்பாவுக்கு 58 வயது. சாத்தூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். சர்க்கரை வந்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. மெட்ஃபார்மின் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. நடைப்பயிற்சி என்றால் வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து வீட்டுக்கு. அவ்வளவுதான். போன மாதம் எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுகிற டெஸ்ட்) பார்த்தோம், 8.4 வந்தது.

மதுரையில் வழக்கமாகக் காட்டுகிற ஆஸ்பத்திரியில் டாக்டர், "புது மாத்திரை ஒண்ணு ஆய்வுல இருக்கு. நீங்க அதுக்குப் பொருத்தமா இருப்பீங்கன்னு தோணுது. வீட்டுல பேசிட்டு வாங்க" என்று சொல்லி ஒரு கட்டுத் தாள் கொடுத்து அனுப்பியிருக்கிறார். தமிழில்தான் இருக்கிறது. நானும் உட்கார்ந்து படித்தேன். மூன்றாம் கட்ட ஆய்வு என்று போட்டிருக்கிறது. மெட்ஃபார்மினைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும். அதோடு பாதிப் பேருக்குப் புது மாத்திரை, பாதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கிற, மருந்தே இல்லாத மாத்திரை. யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்யுமாம். அப்பாவுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஒரு வருஷம் ஓடும். ஒவ்வொரு தடவையும் நான்கைந்து குழாய் ரத்தம் எடுப்பார்கள், அது பெங்களூருக்குப் போகும் என்று எழுதியிருக்கிறது. பஸ் செலவு கொடுத்துவிடுவார்கள்.

அப்பா கிட்டத்தட்ட சரி என்று சொல்லிவிட்டார். டெஸ்ட் எல்லாம் இலவசம், டாக்டர் நின்று நிதானமாகப் பேசுகிறார், அது அவருக்குப் பிடித்திருக்கிறது. அம்மாதான் விடமாட்டேன் என்கிறார். "நம்மள மாதிரி ஆளுங்களத்தான் எலி ஆக்குவாங்க. அந்த டாக்டர் அவுக அப்பாவுக்குக் கொடுப்பாரா, கேட்டுச் சொல்லு" என்கிறார்.

என் சந்தேகங்கள் இவை. மருந்தில்லாத மாத்திரை கிடைத்தால் அப்பாவுக்கு ஒரு வருஷம் வீண்தானே? அவ்வளவு ரத்தம் எதற்கு, ஏன் வெளியூருக்குப் போக வேண்டும்? நடுவில் வேண்டாம் என்றால் விடுவார்களா? இதே டாக்டரிடம்தான் பிறகும் வைத்தியம் பார்க்க வேண்டும், அதனால் கேட்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

வெட்டிஆபீசர் எழுதியது:

அம்மா சொல்வதைக் கேளுங்கள். அப்போதைய ஆந்திராவில் கம்மம் மாவட்டத்தில் 2009இல் ஆய்வுக்காகப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் தடுப்பூசி போட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? விடுதியில் தங்கிப் படித்த பிள்ளைகளுக்குப் பெற்றவர்களைக் கேட்காமல் வார்டனிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். பார்லிமென்ட் கமிட்டியே 2013இல் கிழிகிழியென்று கிழித்தது. தாளில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம் சகோதரி. கம்பெனிக்கு லாபம், டாக்டருக்கு ஆளுக்கு இவ்வளவு என்று பணம், நமக்கு பஸ் டிக்கெட். இவ்வளவுதான் விஷயம்.

---

சாம்பல்மூடி எழுதியது:

தங்கச்சி, நான் மதுரைப் பக்கம் லேப் டெக்னீசியனாக வேலைக்குச் சேர்ந்து, பிறகு ஆய்வுகளில் கோஆர்டினேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். உங்கள் அப்பா ஆய்வில் சேர்ந்தால் டாக்டரைவிட அதிகமாகப் பார்க்கப்போவது என்னை மாதிரி ஒருத்தியைத்தான். போன் பண்ணி "அண்ணே, நாளைக்கு வெறும் வயித்துல வரணும், டீ கூடக் குடிக்கக் கூடாது" என்று சொல்கிறவள், காலி அட்டையைத் திருப்பி வாங்கி மிச்ச மாத்திரையை எண்ணுகிறவள், ஊசி போடும்போது பேச்சுக் கொடுக்கிறவள். அதனால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் உங்கள் பெரிய சந்தேகம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அப்பாவுக்கு மெட்ஃபார்மின் நிற்கப்போவதில்லை. எந்தக் குழுவில் விழுந்தாலும் இப்போது கிடைக்கிற வைத்தியம் கிடைக்கும். அதற்கு மேல் ஒன்றைக் கூட்டினால் பலன் உண்டா என்றுதான் பார்க்கிறார்கள். ஆனால் 8.4 என்பது சும்மா விட்டுவிடக்கூடிய எண் கிடையாது. அதனால் அந்தத் தாளில் ஒன்றைத் தேடுங்கள்: சர்க்கரை இன்ன அளவைத் தாண்டினால் ஆய்வு மாத்திரைக்கு மேல் வேறு மருந்து சேர்த்துக் கொடுப்போம் என்று ஒரு பத்தி இருக்க வேண்டும். எங்கள் பேச்சில் அதற்கு ரெஸ்க்யூ என்று பெயர். அந்த அளவு எவ்வளவு, எத்தனை வாரத்துக்குப் பிறகு, மருந்துக்கு யார் காசு என்று கேளுங்கள். அந்தப் பத்தியே இல்லையென்றால் நான் என் வீட்டு ஆளைச் சேர்க்க மாட்டேன்.

டாக்டருக்கே தெரியாது என்பதைக் கேட்டால் எல்லாருக்கும் வயிற்றைக் கலக்கும். அதற்குக் காரணம் இருக்கிறது. புது மருந்து யாருக்குப் போகிறது என்று தெரிந்தால், டாக்டர் அவரை ஒரு கண் கூடுதலாகப் பார்ப்பார், நானும் அவருக்கு ஒரு போன் கூடுதலாகப் பண்ணுவேன். நோயாளியும் "புது மருந்து சாப்பிடுறோம்ல" என்று தெம்பாக இருப்பார். கடைசியில் மருந்து வேலை செய்ததா, நாங்கள் கவனித்தது வேலை செய்ததா என்று சொல்ல முடியாது. அவசரம் என்றால் எந்த மாத்திரை என்று உடனே திறந்து பார்க்க வழி வைத்திருப்பார்கள். அது ராத்திரியிலும் நடக்குமா, எந்த நம்பரில் கூப்பிட வேண்டும் என்று கேட்டு, நம்பரை அப்பாவின் போனில் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

"பாதிப் பேருக்குக் கொடுக்காமல் இருப்பது அநியாயம் இல்லையா" என்று என்னிடம் கேட்காத குடும்பமே கிடையாது. அநியாயம்தான், அந்த மருந்து நல்லது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால். பெரிய பெரிய டாக்டர்கள் நிச்சயமாகத் தெரியும் என்று நினைத்தது தப்பாகப் போன கதை நம் ஊரிலேயே இருக்கிறது. காச நோய் வந்தால் சானடோரியம் என்கிற தனி ஆஸ்பத்திரியில்தான் சேர்க்க வேண்டும், நல்ல காற்று, முட்டை, பால், படுக்கை ஓய்வு இல்லாமல் குணமாகாது என்பது ஒரு காலத்து நம்பிக்கை. தாம்பரத்துக்குப் பக்கத்து ஸ்டேஷனுக்கே சானடோரியம் என்று பெயர் இருக்கிறது, பாருங்கள். 1956இல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நாலும் சேர்ந்து. வாலஸ் ஃபாக்ஸ் என்கிற டாக்டர் அதை நடத்தினார். நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரை எடுத்து, குலுக்கல் முறையில் பாதிப் பேரை சானடோரியத்துக்கு அனுப்பினார்கள், மீதிப் பேரை அவரவர் வீட்டிலேயே வைத்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே மருந்து, ஒரு வருஷம்.

வீட்டில் இருந்தவர்களுக்கு ஓட்டு வீடு, குடிசை, ஒரே அறையில் குடும்பம் முழுதும், அரைகுறைச் சாப்பாடு. சானடோரியத்துக்காரர்கள் நன்றாகச் சாப்பிட்டு எடையும் கூடினார்கள். வருஷ முடிவில் சளியில் கிருமி அடங்கியவர்கள் வீட்டில் 86 சதவீதம், சானடோரியத்தில் 92. இவ்வளவு வசதி வித்தியாசத்துக்கு இவ்வளவு சின்ன இடைவெளிதான். வீட்டில் கூட இருந்தவர்களுக்கு அதனால் நோய் அதிகம் தொற்றவும் இல்லை என்று பிறகு பல வருஷம் தொடர்ந்து பார்த்து எழுதினார்கள். 1959இல் அந்த முடிவு வந்த பிறகுதான் உலகம் முழுக்க வீட்டில் இருந்தபடியே மாத்திரை என்கிற வழி பலமாகப் பிடித்தது. யாரோ ஒருவர் "எனக்குத் தெரியும்" என்று சொல்லி எல்லாரையும் சானடோரியத்துக்கே அனுப்பிக்கொண்டிருந்தால், படுக்கை கிடைக்காமல் எத்தனை பேர் வீட்டில் மருந்தே இல்லாமல் கிடந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த ஆய்வில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் வேறு. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்ச மருந்தை எண்ணுவார்கள், சிறுநீர் வாங்கி மருந்து அதில் தெரிகிறதா என்று சோதிப்பார்கள். மனுஷர்கள் அன்றும் இன்றும் ஒன்றுதான்! எங்களிடம் வருகிறவர்களில் சிலர் ஆஸ்பத்திரி வாசலில் நின்று மிச்ச மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டு, காலி அட்டையைச் சிரித்துக்கொண்டே நீட்டுவார்கள். அப்பாவிடம் இதை மட்டும் சொல்லுங்கள்: சாப்பிடவில்லை என்றால் சாப்பிடவில்லை என்று சொல்லட்டும், யாரும் திட்ட மாட்டார்கள். பொய்க் கணக்குத்தான் ஆய்வைக் கெடுக்கும்.

அடுத்து ரத்தம். நான்கைந்து குழாய் என்றால் பயமாக இருக்கும், எல்லாம் சேர்த்தால் ஒன்றிரண்டு மேஜைக் கரண்டிதான் வரும். ஒவ்வொரு குழாய்க்கும் வேறு வேலை. சர்க்கரை பார்க்கச் சாம்பல் மூடி (என் பெயர் அங்கிருந்து வந்ததுதான்). வெளியே எடுத்த பிறகும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கும், குழாய்க்குள்ளேயே சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கும். சும்மா வைத்தால் மணிக்கு ஐந்தாறு சதவீதம் குறைந்துவிடும். அதைத் தடுக்கத்தான் சாம்பல் மூடிக் குழாயில் ஃபுளூரைடு போட்டிருக்கும். அதுவும் போட்ட நிமிஷமே முழுசாக நிறுத்திவிடாது, அதனால் சீக்கிரம் சுழற்றிப் பிரித்துவிட வேண்டும். எச்பிஏ1சிக்கு ஊதா மூடி. கிட்னி, ஈரல் பார்க்க மஞ்சள் மூடி அல்லது சிவப்பு மூடி. அவசரத்தில் மெல்லிய ஊசியில் இழுத்து, குழாயைப் போட்டு உலுக்கினால் அணுக்கள் உடைந்து பொட்டாசியம் இல்லாத உயரத்துக்குப் போய் நிற்கும். அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து ஒரு குடும்பமே பயந்து ராத்திரியில் ஓடி வரும். நல்ல டெக்னீசியன் கிடைப்பது பாதி வைத்தியம் என்று நான் சொன்னால் டாக்டர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

வெளியூருக்கு ஏன் என்றால், பல ஊர் ஆஸ்பத்திரிகள் சேர்ந்து நடத்துகிற ஆய்வில் ஒவ்வொரு ஊர் மெஷினும் கொஞ்சம் கூடக் குறையக் காட்டும். எல்லா ரத்தமும் ஒரே லேபில், ஒரே மெஷினில் போனால்தான் ஒப்பிட முடியும். சில மாதிரிகளை உறைய வைத்து, உலர் பனிக்கட்டிப் பெட்டியில் கூரியரில் அனுப்புவோம். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். "மிச்ச ரத்தத்தைப் பின்னாளில் வேறு ஆராய்ச்சிக்குச் சேமித்து வைக்கலாமா, மரபணுப் பரிசோதனை செய்யலாமா" என்று தனியாக ஒரு கட்டம் இருக்கலாம். அதற்கு இல்லை என்று டிக் போட்டாலும் ஆய்வில் சேர முடியுமா என்று கேளுங்கள். நிறையப் பேர் அந்தக் கட்டத்தைப் படிக்காமலேயே டிக் போடுவதைப் பார்த்திருக்கிறேன்.

விலகுவதைப் பற்றி: எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல் விலகலாம். அதனால் வழக்கமான வைத்தியத்துக்குக் குறை வரக் கூடாது. தாளிலேயே அப்படி எழுதியிருக்க வேண்டும். நீங்கள் பயப்படுவது சட்டத்தைப் பற்றி இல்லை, டாக்டர் முகத்தைச் சுளிப்பாரோ என்றுதான், அது எனக்குப் புரிகிறது. சேருவதற்கு முன்னாலேயே அப்பா நேராகக் கேட்டுவிடட்டும்: "டாக்டர், நடுவுல வேண்டாம்னு தோணினா உங்களுக்கு வருத்தம் இல்லையே?" பதில் சொல்கிற விதத்திலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

---

சாத்தூர்ப்பொண்ணு எழுதியது:

அக்கா, ரொம்ப நன்றி. இப்போதுதான் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ரெஸ்க்யூ பத்தி இருக்கிறது, ஆனால் எந்த அளவு என்று எண் இல்லை, "மருத்துவர் முடிவு செய்வார்" என்று மட்டும் இருக்கிறது. ரத்தம் சேமிக்கிற கட்டமும் இருக்கிறது, நீங்கள் சொல்லும்வரை கண்ணில் படவில்லை.

வெட்டிஆபீசர் சொன்னதை அம்மாவிடம் வாசித்துக் காட்டிவிட்டேன், இப்போது இன்னும் பலமாக நிற்கிறார் :) ஒரு கேள்வி: சாப்பிட்டால் சர்க்கரை குறைகிறதா என்று பார்க்க ஒரு வருஷம் எதற்கு? இரண்டு மாதத்தில் தெரிந்துவிடாதா? அப்பா ஒருத்தருக்குக் குறைந்தால் அது போதாதா?

---

ராத்திரிடூட்டி எழுதியது:

பொது மருத்துவம் பார்க்கிறவன். ஆய்வு எதுவும் நடத்துவதில்லை, அதனால் எந்தப் பக்கமும் சாயாமல் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

சர்க்கரை குறைவது இரண்டு மூன்று மாதத்தில் தெரிந்துவிடும், அது உண்மை. எண் குறைந்தால் ஆள் நன்றாக இருப்பார் என்பதற்குத்தான் உத்தரவாதம் இல்லை. எங்கள் தொழிலில் இந்த இடத்தில் நிறைய அடி வாங்கியிருக்கிறோம். அமெரிக்காவிலும் கனடாவிலும் அக்கார்ட் என்று ஒரு ஆய்வு, 10,251 சர்க்கரை நோயாளிகள். பாதிப் பேருக்கு எச்பிஏ1சியை 6க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்று மருந்தை ஏற்றிக் கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு ஏழு, ஏழரை, எட்டுக்குள் இருந்தால் போதும் என்று விட்டார்கள். எல்லாரும் எதிர்பார்த்தது முதல் குழு ஜெயிக்கும் என்று. 2008இல் பாதியிலேயே அந்தப் பகுதியை நிறுத்த வேண்டி வந்தது: கெடுபிடியாகக் குறைத்த குழுவில் 257 பேர் இறந்திருந்தார்கள், மற்றதில் 203.

இதயத்தில் இதைவிட மோசமான கதை. மாரடைப்புக்குப் பிறகு இதயம் தாளம் தப்பித் துடிப்பது ஆபத்து என்பதால், தாளத்தை ஒழுங்குபடுத்துகிற ஃபிளெகெய்னைடு, என்கெய்னைடு மருந்துகளை எழுதிக்கொண்டிருந்தார்கள். ஈசிஜியில் அழகாகச் சரியாகும், டாக்டருக்கும் சந்தோஷம், நோயாளிக்கும் சந்தோஷம். காஸ்ட் என்ற ஆய்வில் மருந்தே இல்லாத வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது மருந்து சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்தார்கள், வெறும் மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் 26 பேர். அந்த ஆய்வில் வெறும் மாத்திரை கிடைத்தவர்தான் அதிர்ஷ்டசாலி. உங்கள் அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள், எந்தப் பக்கம் விழுந்தால் நல்லது என்பது ஆரம்பத்தில் யாருக்கும் தெரியாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. ரோசிக்லிட்டசோன் என்கிற சர்க்கரை மாத்திரையால் மாரடைப்பு கூடுகிறதோ என்று சந்தேகம் வந்த பிறகு, 2008லிருந்து அமெரிக்காவில் புது சர்க்கரை மருந்து எது வந்தாலும் இதயத்துக்குக் கெடுதல் இல்லை என்று காட்டச் சொன்னார்கள். அப்படிக் கெடுதல் உண்டா என்று பார்க்கப் போன ஆய்வு ஒன்றில், எம்பாக்லிஃப்ளோசின் சாப்பிட்டவர்களுக்கு இதய நோயால் சாவது 38 சதவீதம் குறைந்திருந்தது. 2015இல் வெளியானது. 7,020 பேரை மூன்று வருஷத்துக்கு மேல் பார்த்ததால்தான் அது தெரிந்தது. இன்று சர்க்கரை இல்லாத, இதயம் பலவீனமான நோயாளிக்கும் அதை எழுதுகிறோம்.

என் பங்குக்கு நீங்கள் கேட்க வேண்டியவை: அப்பாவின் கிட்னி எப்படி இருக்கிறது, இந்த மாத்திரைக்கு அது ஒத்துக்கொள்ளுமா? ரத்தசோகை உண்டா? இரும்புச்சத்து குறைவாக இருந்தால் எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும், அந்த 8.4ஐ ஒரு தடவை சரிபார்ப்பது நல்லது. ஆய்வு முடிந்த பிறகு மாத்திரை தொடர்ந்து கிடைக்குமா? சர்க்கரைக்கு வேறு மருந்துகள் தாராளமாக இருப்பதால் பெரும்பாலும் கிடைக்காது, அப்பா அதை இப்போதே தெரிந்துகொள்ளட்டும். கையெழுத்துப் போட்டாலும் சேர்ந்ததாக அர்த்தம் இல்லை, சேர்ப்பதற்கு முன் செய்கிற பரிசோதனையில் நிறையப் பேர் தகுதி இல்லை என்று திரும்பிவிடுவார்கள். அந்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையாவது கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

---

புள்ளிக்கணக்கு எழுதியது:

கல்லூரியில் புள்ளியியல் எடுக்கிறேன். அப்பா ஒருத்தருக்குக் குறைந்தால் போதாதா என்று கேட்டீர்களே, அதற்கு மட்டும் வருகிறேன்.

ஆய்வில் சேர்ந்த மாதத்திலேயே அப்பா சாயங்காலக் காராச்சேவை நிறுத்திவிடுவார். சர்க்கரை குறையும். மாத்திரையாலா, காராச்சேவாலா? ஒரு ஆளை வைத்துச் சொல்லவே முடியாது. நிறையப் பேரைக் குலுக்கிப் போட்டுப் பிரித்தால் காராச்சேவு விட்டவர்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமமாக விழுவார்கள், மிச்சம் இருக்கிற வித்தியாசம் மாத்திரையுடையது. பிராட்ஃபோர்ட் ஹில் என்ற புள்ளியியல்காரர் பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற காசநோய் மருந்துக்கு இதைத்தான் செய்தார். 1948இல் வெளியான முடிவு: ஆறு மாதத்தில் மருந்து கிடைத்த 55 பேரில் 4 பேர் இறந்தார்கள், படுக்கை ஓய்வு மட்டும் கிடைத்த 52 பேரில் 14 பேர். யார் எந்தப் பக்கம் என்பது ஒட்டிய உறைக்குள் இருந்தது. உறையைப் பிரிக்கும்வரை டாக்டருக்கும் தெரியாது.

ஆட்கள் குறைந்தால் கணக்கு என்னவெல்லாம் விளையாடும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஐசிஸ்-2. மாரடைப்பு வந்த 17,187 பேர். ஆஸ்பிரின் கொடுத்தால் சாவு குறைகிறது என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டிய ஆய்வு அது. முடிவை வெளியிட இருந்த லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆசிரியர்கள் வயதுவாரியாக, அதுவாரியாக, இதுவாரியாகப் பிரித்துக் காட்டச் சொன்னார்கள். ஆய்வாளர்களுக்கு எரிச்சல். சரி, பிரிக்கிறோம் என்று ராசிவாரியாகவும் பிரித்துப் போட்டார்கள். மிதுனத்துக்கும் துலாத்துக்கும் ஆஸ்பிரின் ஆகவில்லை, கொஞ்சம் கெடுதல் மாதிரிகூட வந்தது! மற்ற பத்து ராசிக்கும் அமோகப் பலன். 1988இல் லான்செட்டில் அப்படியே அச்சாகியிருக்கிறது. ஆயிரக்கணக்கில் ஆள் இருந்தும் கூறு போட்டால் இந்த நிலைமை. அப்பா ஒருத்தரை வைத்து எப்படி?

---

சாத்தூர்ப்பொண்ணு எழுதியது:

புள்ளிக்கணக்கு சார், அப்பா துலா ராசி. இதை அம்மாவிடம் வாசிக்காமல் விட்டிருக்கலாம்.

---

புள்ளிக்கணக்கு எழுதியது:

அவர்கள் கணக்கு பிறந்த தேதியை வைத்து, சூரியன் ராசி. நம்முடையது சந்திரன் ராசி. அம்மாவிடம் அப்பா தப்பித்துவிட்டார் என்று சொல்லிவிடுங்கள்.

---

சாம்பல்மூடி எழுதியது:

சிரித்துவிட்டேன். வெட்டிஆபீசர் தம்பிக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

கம்மம் விஷயம் நடந்தது உண்மை, மறைக்க ஒன்றும் இல்லை. ஊசி போட்டுக்கொண்டவர்களில் சில பிள்ளைகள் பிறகு இறந்துபோனார்கள், அந்தச் சாவுக்குத் தடுப்பூசி காரணம் இல்லை என்று விசாரணையில் சொன்னார்கள். ஆனால் சம்மதம் வாங்கிய முறை கேவலமாக இருந்தது, அதையும் சொன்னார்கள். அந்த மாதிரி விவகாரங்களும் சுப்ரீம் கோர்ட் வழக்கும் சேர்ந்துதான் விதிகளை இறுக்கின. இப்போது இருப்பது 2019 விதிகள். ஆய்வால் உடம்புக்கு ஏதாவது ஆனால் இலவச வைத்தியம் கொடுக்க வேண்டும், ஆய்வுதான் காரணம் என்று உறுதியாகும்வரை காத்திருக்கச் சொல்லக் கூடாது. காரணம் ஆய்வுதான் என்றால் இழப்பீடு தனி. பெரிய பாதிப்பு எது நடந்தாலும் 24 மணி நேரத்தில் டாக்டர் மேலிடத்துக்கும், ஆய்வு நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கிற நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். அந்தக் குழுவில் குறைந்தது ஏழு பேர், பாதிப் பேராவது அந்த ஆஸ்பத்திரிக்குச் சம்பந்தம் இல்லாதவர்கள். சட்டம் தெரிந்தவர் ஒருவர், டாக்டர் அல்லாத சாதாரண ஆள் ஒருவர், ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். விதி இருந்தால் எல்லாரும் ஒழுங்காக நடப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கேட்கிற ஆள் இருந்தால் ஒழுங்காக நடப்பார்கள், அதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். மகள் கூட வருகிற நோயாளிக்குத் தாளை வரிவரியாக விளக்குவார்கள். தனியாக வருகிற பெரியவருக்கு அதே ஆள் அதே தாளைக் கால் மணி நேரத்தில் முடித்துவிடுவார். எனக்கு அதில் கோபம் உண்டு.

டாக்டருக்குப் பணம் வருகிறதா என்றால், வரும். ஒளிக்க வேண்டிய விஷயம் இல்லை, கேட்கலாம். யார் பணம் போடுகிறார்கள், ஒப்பந்தத்தை நெறிமுறைக் குழு பார்த்ததா என்று கேளுங்கள்.

ஆனால் "கம்பெனிக்கு லாபம், நமக்கு பஸ் டிக்கெட்" என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வயலில் வேலை செய்கிறவர்கள் கண்ணில் நெல் உமியோ இலையோ கீறி, காளான் பிடித்துக் கருவிழி புண்ணாகிப் பார்வை போவது நம் பக்கத்தில் எவ்வளவு சாதாரணம்! பணக்கார நாடுகளில் இந்த நோயாளிகள் இவ்வளவு பேர் கிடைக்க மாட்டார்கள், அங்கே யாரும் மெனக்கெடவும் மாட்டார்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்கப் பல்கலைக்கழகமும் சேர்ந்து 323 பேரை வைத்து நாட்டமைசின் என்ற பழைய சொட்டு மருந்தையும் வோரிகோனசோல் என்ற புதுசையும் ஒப்பிட்டார்கள். புதுசுதான் கண்ணுக்குள் நன்றாக ஊடுருவும் என்று பல டாக்டர்கள் அதற்குத் தாவிக்கொண்டிருந்த நேரம். 2013இல் முடிவு வந்தது, பழசுதான் ஜெயித்தது. அதிலும் ஃபியூசேரியம் என்கிற காளானில் வித்தியாசம் ரொம்பப் பெரிசு. அது யாருக்கு லாபம்? களை எடுக்கப் போகிற அக்காக்களுக்குத்தான்.

சர்க்கரையிலேயே சொல்கிறேன். சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு, சர்க்கரை எல்லையில் நின்ற 531 பேரை நாலு பங்காகப் பிரித்தார்கள். சும்மா விட்டவர்களில் மூன்று வருஷத்தில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்துவிட்டது. நடக்கவைத்துச் சாப்பாட்டைத் திருத்தியவர்களில் 39.3, மெட்ஃபார்மின் கொடுத்தவர்களில் 40.5, இரண்டும் சேர்த்துக் கொடுத்தவர்களில் 39.5. அதாவது தினம் அரை மணி நேர நடையும் சாப்பாட்டுத் திருத்தமும் சேர்ந்து மாத்திரை அளவுக்கு வேலை செய்தன. கடைக்கும் வீட்டுக்கும் நடக்கிற அப்பாவுக்கு இது காதில் விழட்டும், ஆய்வில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும்.

சரி, இனிக் காரியத்துக்கு வருகிறேன். தாளின் முதல் பக்கத்திலோ கடைசியிலோ சிடிஆர்ஐ என்று ஆரம்பிக்கிற ஒரு நீள எண் இருக்கும். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். 2009லிருந்து இங்கே எந்த மருந்தாய்வையும் ஆள் சேர்ப்பதற்கு முன்பே அந்த அரசுப் பதிவேட்டில் பதிந்தாக வேண்டும். இணையத்தில் அந்த எண்ணைப் போட்டுத் தேடினால் யார் பணம், எத்தனை பேர், எந்தெந்த ஊர், எதை அளக்கிறார்கள் எல்லாம் வரும். எண் கொடுக்கத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். ரெஸ்க்யூ அளவு தாளில் இல்லாவிட்டாலும் அவர்கள் கையில் இருக்கிற விரிவான திட்டத்தில் கண்டிப்பாக எண்ணாக இருக்கும், "மருத்துவர் முடிவு செய்வார்" என்பதோடு விடாதீர்கள். அதை டாக்டர் தன் கையால் சீட்டில் எழுதிக் கொடுக்கட்டும். கையெழுத்துப் போட்ட தாளின் ஒரு பிரதி அப்பாவுக்குச் சொந்தம், வாங்காமல் பஸ் ஏற வேண்டாம்.

அம்மா கேட்டாரே, "அவுக அப்பாவுக்குக் கொடுப்பாரா" என்று. அதை நீங்கள் கேட்டுச் சொல்ல வேண்டாம், அம்மாவையே கூட்டிப்போய் டாக்டரிடம் நேராகக் கேட்க வையுங்கள். நான் வேலை பார்த்த காலத்தில் அந்தக் கேள்விக்கு "எங்கப்பாவுக்குத் தகுதி இருந்திருந்தா சேர்த்திருப்பேன், ஆனா அவருக்கு ஈரல் சரியில்ல" என்று நின்று பதில் சொன்ன டாக்டரும் உண்டு, கடிகாரத்தைப் பார்த்த டாக்டரும் உண்டு.

---

சாத்தூர்ப்பொண்ணு எழுதியது:

எண் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது அக்கா. தேடினேன், வந்தது. பன்னிரண்டு ஊர் ஆஸ்பத்திரிகள், மதுரையும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் போகிறோம். அம்மா கேட்கத் தயாராகத்தான் இருக்கிறார். சாத்தூரிலிருந்து வெறும் வயிற்றோடு காலை பஸ்ஸில் வந்தால் அப்பாவுக்கு மயக்கம் வருமா என்பதுதான் அவருக்கு இப்போது கவலை.

---

சாம்பல்மூடி எழுதியது:

வெள்ளிக்கிழமை பேசத்தானே போகிறீர்கள், சாப்பிட்டுவிட்டே வாருங்கள். ரத்தம் எடுக்கிற நாளில் ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளட்டும், தண்ணீர் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு அவ்வளவு சுலபத்தில் சர்க்கரை கீழே இறங்காது. காலை மாத்திரையைச் சாப்பிடாமல் பையில் எடுத்து வரட்டும், ரத்தம் கொடுத்துவிட்டு இட்லியோடு போட்டுக்கொள்ளலாம். ஆய்வு மாத்திரை சேர்ந்த பிறகு இதே கேள்வியைக் கோஆர்டினேட்டரிடம் மறுபடி கேளுங்கள், பதில் மாறலாம்.